முகத்துவாரத்தைத் திறந்த உபல்தினா

எங்கள் குவாருமோ ஆற்றில் தலையிலிருந்து கடைசிவரை ஒரு கல் கிடையாது. துணி துவைக்கப் போகிறவர்கள் வீட்டிலிருந்தே பலகை தூக்கிக்கொண்டு போக வேண்டும். மலை என்று சொல்லிக்கொள்ள எங்கள் பக்கம் ஒன்றும் இல்லாததால், தொத்துமால் ஊருக்கு மேலே மாடு மேய்கிற ஒரு புல்மேட்டின் அடியில் மூன்று ஊற்றுகளாகக் கசிந்து ஆறு பிறக்கிறது. அங்கிருந்து கடல்வரை பூமி உள்ளங்கை மாதிரி தட்டை. தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க ஓர் இலையைப் போட்டுவிட்டு, ஒரு சுருட்டை நிதானமாகப் பிடித்து முடிக்கலாம். பெரிய ஆறுகளின் கரையில் இருந்து வருகிறவர்கள் இதை ஓடை என்பார்கள். உபல்தினா சூனிகாவின் காதில் மட்டும் அந்தச் சொல் விழக் கூடாது. விழுந்தால் அந்த ஆள் மறுபடியும் அவள் படகில் ஏற முடியாது.

அவள் பிறந்ததே இந்தத் தண்ணீரின் மேல்தான். அப்பா எலியேசெர் தொத்துமாலுக்கும் கடலோரத்து லா பார்ராவுக்கும் இடையே ஆள் ஏற்றிப் படகு ஓட்டியவர். பிரசவ வலி கண்ட மனைவியை மருத்துவச்சி வீட்டுக்குக் கொண்டுபோகும் வழியிலேயே, ஆறு குதிரை லாடம் மாதிரி திரும்பும் ஓர் இடத்தில், குழந்தை பிறந்துவிட்டது. அந்த இடத்துக்கு அன்றிலிருந்து பிள்ளை வளைவு என்று பெயர். எங்கள் ஆற்றில் எல்லா வளைவுக்கும் இப்படி ஏதாவது ஒரு கதை உண்டு. செத்த காளை வளைவு, இரண்டு மைத்துனிகள் வளைவு, சவப்பெட்டி மிதந்த வளைவு என்று. நேராகப் போனால் அரை நாளில் முடிகிற தூரத்தை, ஆறு வளைந்து வளைந்து ஒரு நாள் ஆக்கிவிடும்.

வளைவுகளைத் தாண்டினால் நடு ஆற்றில் சதுப்பு. அங்கே ஆறு பத்துப் பதினைந்து கிளைகளாகப் பிரிந்து, ஆகாயத்தாமரைக்கும் நாணலுக்கும் நடுவே புகுந்து, எது ஆறு எது குட்டை என்று தெரியாமல் போய்விடும். மிதக்கும் பச்சைத் திட்டுகள் காற்றுக்குத் தகுந்தபடி நகர்ந்துகொண்டே இருக்கும். நேற்று போன வழி இன்று மூடிக் கிடக்கும். லா பெர்தீதா, அதாவது தொலைந்துபோனவள் என்று அந்தச் சதுப்புக்குப் பெயர். எலியேசெர் அதைக் கண்ணை மூடிக்கொண்டு கடப்பார். மகன் நிகானோருக்குத் தண்ணீர் என்றாலே ஆகாது, மண்தான் பிடிக்கும். அதனால் படகோட்டும் வித்தை அப்பாவோடு போய்விடும் என்றுதான் ஊர் நினைத்தது.

உபல்தினா சமைந்து சில வருஷம் ஆகியிருந்தபோது ஒரு சந்தைக்கு மறுநாள் காலையில் எலியேசெருக்குக் கடும் காய்ச்சல். துறையில் ஆட்கள் காத்திருந்தார்கள். பன்றி வியாபாரிகள் இருவர், கோழிக்கூடையோடு ஒரு பெண், பள்ளிக்கூட ஆசிரியை, இறால் கருவாடு விற்றுவிட்டு லா பார்ராவுக்குத் திரும்பும் ரோசெந்தோ என்ற இளைஞன். உபல்தினா தாவணித் துணி மாதிரி ஒரு சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, படகுக் கழியைத் தோளில் சாய்த்தபடி இறங்கி வந்தாள்.

"எலியேசெர் எங்க?" என்று கேட்டார் பன்றி வியாபாரிகளில் ஒருவர்.

"அப்பாவுக்குக் காய்ச்சல். நான்தான் ஓட்டப்போறேன்."

"நீயா? பாவாடை கட்டினவ ஓட்டுற படகுல ஏறினா என் பன்னியே சிரிக்கும்மா."

"பன்னி சிரிச்சுக்கிட்டே வரட்டும். உங்களுக்குக் கூச்சமா இருந்தா நடந்து வாங்க. சேறு இடுப்பு வரைக்கும்தான்."

எல்லோரும் ஏறினார்கள். வளைவுகள்வரை நன்றாகத்தான் போனாள். சதுப்புக்குள் நுழைந்தபிறகு அப்பாவோடு போன வழி எதுவும் அந்த இடத்தில் இல்லை. ஒரு கிளைக்குள் புகுந்தாள், முட்டுச் சந்து. வேறொன்றில் புகுந்தாள், சுற்றிச் சுற்றி முதலில் பார்த்த அதே காய்ந்த மரத்துக்கு வந்து சேர்ந்தாள். வெயில் ஏறியது. ஆசிரியை ஜெபமாலையை எடுத்துவிட்டாள். பன்றிகள் உண்மையாகவே கத்த ஆரம்பித்தன.

"யாருகிட்டயாவது வழி கேளேன்," என்றாள் கோழிக்கூடைக்காரி.

"யாருகிட்டக்கா? கொக்குகிட்டயா?"

ரோசெந்தோ மட்டும் தன் இலைப் பொட்டலத்தைப் பிரித்துத் தேங்காய்ச் சோற்றில் பாதியை அவளிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை. உள்ளங்கை இரண்டும் கொப்புளமாகியிருந்தது, அதை அவன் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள்.

பிற்பகலில் கடற்காற்று கிளம்பியது. அதுவரை அசையாமல் நின்ற தண்ணீர் மெல்ல நகர்ந்தது. உபல்தினா கழியை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஆகாயத்தாமரைப் பூக்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. பழுப்புத் தண்ணீரின் நடுவே தூரத்தில் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. அலையாத்திக் காட்டிலிருந்து வருகிற கறுப்போடையின் தண்ணீர் அது, காற்று உள்ளே தள்ளியிருந்தது. கறுப்போடை சேருவது சதுப்புக்குக் கீழ்ப்பக்கம். அவள் அந்தக் கோட்டை விடாமல் பிடித்துக்கொண்டு கழியை ஊன்றினாள். சூரியன் கடலில் இறங்கும் நேரத்துக்கு லா பார்ராவின் ஓலைக்கூரைகள் தெரிந்தன.

பன்றி வியாபாரி இறங்கும்போது சொன்னார்: "இனிமே உன் பேரும் லா பெர்தீதாதான்டி."

அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. எங்கள் மொழியில் அதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு, குடும்பப் பெண்ணுக்குச் சொல்லத் தகாத அர்த்தம். அவள் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. அந்த வேனில் முழுக்க, கூலிச் சவாரி இல்லாத நாளெல்லாம் தனியாகச் சதுப்புக்குள் போனாள். காற்றடிக்கும்போது எந்தத் திட்டு எங்கே நகரும், மழைக்குப்பின் எந்தக் கிளை முதலில் திறக்கும், முதலைகள் எங்கே முட்டையிடும் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். ஈரத்தில் கால்விரல் இடுக்கெல்லாம் புண்ணாகி, வேப்பம்பட்டை மாதிரி கசக்கும் ஏதோ ஒரு பட்டையை அரைத்துப் பூசிக்கொண்டாள். எலியேசெர் காய்ச்சலிலிருந்து எழுந்தார், ஆனால் பழைய பலம் வரவில்லை. அவர் கண்ணை மூடியபோது படகுத்துறையில் அடுத்து யார் என்று யாரும் கேட்கவில்லை. அதே பன்றி வியாபாரி, அவளைத் தவிர வேறு யாராவது ஓட்டினால் பன்றிகள் மிரளும் என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்.

ரோசெந்தோ அடிக்கடி படகில் வந்தான். மேலே போவான், இறங்காமலே கீழே திரும்புவான்.

"உனக்குத் தொத்துமால்ல என்ன வேலை?" என்று ஒருநாள் கேட்டாள்.

"ஒரு வேலையும் இல்ல. போயிட்டு வர்றேன்."

"ரெண்டு பக்கமுமா?"

"ரெண்டு பக்கமும் நீதானே ஓட்டுற."

இப்படித்தான் மேலூர்ப் பெண் கீழூருக்கு வாழ்க்கைப்பட்டாள். அந்தக் காலத்தில் அது சாதாரண விஷயமில்லை. தொத்துமால்காரர்கள் கீழே இருப்பவர்களை உப்புக்கால்கள் என்பார்கள். லா பார்ராக்காரர்கள் மேலே இருப்பவர்களைச் சேற்றுக்கால்கள் என்பார்கள். ஒரே ஆற்றைக் குடித்துக்கொண்டு, நடுவில் சதுப்பு கிடப்பதால் சந்தையைத் தாண்டி ஒருவர் வாசலை ஒருவர் மிதித்ததில்லை. இருவரையும் தெரிந்தது உபல்தினாவுக்கு மட்டும்தான். ஏற்றிக்கொண்டு போவதும் வருவதும் அவள்தானே.

சண்டைக்கு உண்மையான காரணம் ஆற்றின் வாயில் இருந்தது. வருஷக் கடைசியில் தொடங்கும் கடற்காற்று நாலு மாதம் ஓயாமல் வீசி, முகத்துவாரத்தில் மணலைக் குவித்து அடைத்துவிடும். வேனிலில் ஆற்றுக்கு அந்த மணலை உடைக்கத் தெம்பு இருக்காது. உள்ளே தேங்கிய தண்ணீர் ஒரு காயலாக நிற்கும். அந்தக் காயலில்தான் லா பார்ராவின் இறால் வளரும். மழை பிடித்ததும் வெள்ளம் வந்து மணலைத் தானே உடைத்துக்கொண்டு கடலுக்குப் போய்விடும், அதற்குள் இறாலும் கொழுத்து வலையில் ஏறியிருக்கும். எல்லா வருஷமும் அப்படி ஒழுங்காக நடந்தால் இந்தக் கதையே இல்லை.

உபல்தினாவின் இரண்டாவது மகள் தவழ ஆரம்பித்த வருஷம், காற்று என்றைக்குமில்லாத வேகத்தில் வீசி மணலை வீட்டுக் கூரை உயரத்துக்கு ஏற்றிவிட்டது. மழையும் அவசரப்பட்டு முன்னாலேயே இறங்கியது. தண்ணீருக்குப் போக வழியில்லை. காயல் நிரம்பி, சதுப்பு நிரம்பி, ஆறு பின்னோக்கி வளைவுகளில் ஏறியது. ஒரே நாளில் போய்த் திரும்பலாம் என்று புதிதாக மாட்டிய மோட்டாரோடு உபல்தினா மேலே படகோட்டிப் போனபோது, கரை எது என்று தெரியவில்லை. தொத்துமாலின் மரவள்ளித் தோட்டங்களில் தண்ணீர் நின்றது. மரவள்ளிக்குத் தண்ணீர் நின்றால் ஆகாது, கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகும்.

அண்ணன் நிகானோர் முழங்கால் தண்ணீரில் நின்றபடி அவளை வரவேற்றான்.

"வா தாயே. உன் புருஷன் ஊர்க்காரங்க எங்களைத் தண்ணியில ஊறப்போட்டுட்டு இறால் வளக்குறாங்களாமே?"

"மழையை அவங்களாண்ணே பெய்யச் சொன்னாங்க?"

"மழையை விடு. மணலை வெட்டலாம்ல? நாளைக்கு இந்த ஊர் ஆம்பளைங்க மொத்தமும் மம்பட்டியோட இறங்கப்போறோம். நீ ஏத்திக்கிட்டுப் போறியா, இல்ல நாங்களே போய்க்கறதா?"

"மம்பட்டின்னா ஏத்துறேன். அரிவாளும் கூட வருதுன்னா சதுப்புல நீயே நீந்திக்கோ."

நிகானோர் பின்னால் நின்றவர்களில் சிலர் அரிவாளோடுதான் நின்றார்கள். தோட்டத்துக்கு எப்போதும் கொண்டு போகிற அரிவாள்தான், ஆனால் அன்றைக்கு அவர்கள் அதைப் பிடித்திருந்த விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை. "எனக்கு ஒரு நாள் குடுங்க," என்று கேட்டு வாங்கிக்கொண்டு, அன்றே கீழே திரும்பினாள்.

லா பார்ராவில் வலைக்காரர்களுக்கெல்லாம் மூத்தவர் தோன் எவரிஸ்தோ. ரோசெந்தோவின் பெரியப்பா. அவர் சொல்லாமல் அங்கே ஒரு வலையும் தண்ணீரில் விழாது. உபல்தினா போனபோது கிழிந்த வலையைக் கால்பெருவிரலில் மாட்டித் தைத்துக்கொண்டிருந்தார்.

"இறால் இப்பத்தான் விரல் நீளம் வந்திருக்கு. இன்னும் ஒரு நிலா போகட்டும் மருமகளே, அப்புறம் பேசலாம்."

"ஒரு நிலா போனா மேல மரவள்ளி அழுகிடும் பெரியப்பா."

"அழுகினா மறுபடி நட்டுக்கலாம்."

"இறால் போனா மறுபடி வராதா?"

"வரும். அடுத்த வருஷம்."

"மரவள்ளியும் அடுத்த வருஷம்தான் வரும்."

எவரிஸ்தோ ஊசியை நிறுத்தி அவளைப் பார்த்தார். ரோசெந்தோ சுவரோரம் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான். அவள் கிழவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"இங்க வலை இருக்கு, இழுக்க ஆள் பத்தாது. அங்க ஆள் இருக்கு, வலை இல்ல. அவங்களை நான் கூட்டிட்டு வர்றேன். காயல்ல இருக்கிற இறாலை எல்லாருமாச் சேந்து வாரிடலாம். சின்னதோ பெருசோ, ஒரு கூடைகூடக் கடலுக்குப் போகாது. அதுக்கப்புறம் எல்லாருமாச் சேந்து மணலை வெட்டலாம்."

"சேத்துக்காலனுக்கு வலை பிடிக்கத் தெரியுமா?"

"தெரியாது. நீங்க பாத்துச் சிரிங்க. இந்த ஊர்ல சிரிச்சு எத்தனை நாளாச்சு?"

கிழவர் மறுபடியும் ஊசியை ஓட்டி ஒரு முடிச்சை இறுக்கினார். கடைசியில், "வெட்டுறதுன்னா தேவாலயத்துக்கு எதுத்தாப்புல வெட்டிடலாம். அங்கதான் மணல் ஒடுக்கம்," என்றார். அது சம்மதம்தான். ஆனால் உபல்தினா அதற்கும் ஒப்பவில்லை. தேவாலயத்துக்கு எதிரே வெட்டினால் தண்ணீர் கரையை அரித்து வீடுகளைக் கொண்டு போகும். அலையாத்திக் காட்டின் ஓரத்தில், மணலுக்குள் பழைய மரக்கட்டைகள் நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில், அவர் தாத்தா காலத்து முகத்துவாரம் இருந்தது. அங்கேதான் வெட்ட வேண்டும் என்றாள்.

"அங்க ரெண்டு மடங்கு தோண்டணும்டி!" என்று வலைக்காரர்கள் கூச்சல் போட்டார்கள்.

"ஆளும் ரெண்டு மடங்கு வருது," என்றாள்.

மறுநாள் தொத்துமாலில் இதைச் சொன்னபோது ஊர் முணுமுணுத்தது. இறால் வாரி முடிய நாலைந்து நாள் ஆகலாம். அத்தனை நாள் தண்ணீர் நிற்கும். மேட்டுத் தோட்டங்கள் தாங்கும். தாங்காதது ஆற்றுக்கு அடுத்த பள்ளத்தில் இருந்த ஒரே தோட்டம்.

"எல்லாத்துலயும் பள்ளம் என் தோட்டம்தான். அது உனக்குத் தெரியும்ல?" என்று கேட்டான் நிகானோர்.

"தெரியும்ணே."

"தெரிஞ்சுதான் சொல்றியா?"

"தெரிஞ்சுதான் சொல்றேன்."

அவன் திரும்பி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். உபல்தினா மூடிய கதவுக்கு முன்னால் கொஞ்சநேரம் நின்றாள். சின்ன வயதில் அவள் தண்ணீரில் ஆடும்போதெல்லாம் கரையில் அவள் செருப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் அவன். பிறகு துறைக்கு வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆட்களை ஏற்றினாள். அரிவாள்கள் கரையிலேயே நின்றுவிட்டன.

சேற்றுக்கால்கள் வலை பிடித்த அழகை லா பார்ரா இன்றும் சொல்லிச் சிரிக்கிறது. ஒருவன் வலையை வீசும்போது தானும் கூடவே போய் விழுந்தான். இன்னொருவன் இறாலைக் கண்டு தேள் என்று கத்தினான். வலைக்காரப் பெண்கள் கரையில் நின்று, "மாப்பிள்ளை, கிழங்கு பிடுங்குற மாதிரி இழுக்காதீங்க, அதுக்கு வேர் கிடையாது!" என்று கத்தினார்கள். முதல் நாள் முகம் கடுத்தவர்கள் இரண்டாம் நாள் கேலியைத் திருப்பிக் கொடுக்கப் பழகிவிட்டார்கள். காயலின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ஒரே வரிசையாக ஆட்கள் நின்று வலையைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அப்படி ஒரு வரிசையை அந்த ஊர் அதற்குமுன் பார்த்ததில்லை. மழை விட்டுவிட்டுப் பெய்ததால் இறாலை வெயிலில் காயவைக்க முடியவில்லை. தகரப் பீப்பாய்களில் உப்புப் போட்டு அவித்து, விறகுப் புகையில் பரப்பினார்கள். தொத்துமால் பெண்கள் கீழே கொண்டு வந்த கருணைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் போட்டுக் காய்ச்சிய சூப்பை வலைக்காரர்கள் முதலில் மோந்து பார்த்தார்கள், பிறகு சட்டியை வழித்தார்கள். உபல்தினா தினமும் மேலேயும் கீழேயும் போய் வந்தாள். ஒவ்வொரு முறையும் அண்ணன் தோட்டத்துத் தண்ணீரைப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் உயர்ந்திருந்தது.

காயல் சுத்தமானபின் மண்வெட்டிகள் இறங்கின. மண்வெட்டி இல்லாதவர்கள் துடுப்பால் தள்ளினார்கள், பெண்கள் கூடையில் அள்ளினார்கள். கடல் பக்கமிருந்து வெட்டிக்கொண்டே வந்து, காயலை ஒட்டி ஒரு மணல்சுவரை மட்டும் விட்டுவைத்தார்கள். காற்று ஓய்ந்து கடல் தாழ்ந்திருந்த ஒரு காலையில், அதை உடைக்க உபல்தினாவைக் கூப்பிட்டார்கள். அவள் மண்வெட்டியை வாங்கவில்லை. "ஊருக்கு ஒருத்தர் வெட்டட்டும். நான் படகைப் பாத்துக்கறேன்," என்றாள். வெள்ளம் கிளம்பினால் காயலில் கட்டிய படகெல்லாம் இழுபடும் என்று அவளுக்குப் பயம்.

சுவர் உடைந்தது. முதலில் விரல் அகலத்துக்குத்தான் ஒழுகியது. பிள்ளைகள் அதில் காலை நனைத்தார்கள். பிறகு இரு பக்கத்து மணலும் கேக் மாதிரி சரிந்து விழ ஆரம்பித்தது. பெரியவர்கள் பிள்ளைகளைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார்கள். கண்மூடித் திறப்பதற்குள் அங்கே ஓர் ஆறு உறுமிக்கொண்டு போனது. அத்தனை நாளும் எந்தப் பக்கம் ஓடுவது என்று யோசித்துக்கொண்டிருந்த எங்கள் குவாருமோதான் அது!

எவரிஸ்தோவை ஆசை சும்மா இருக்கவிடவில்லை. தப்பிய இறால் இருந்தால் பிடிக்கலாம் என்று, ஒரு சின்னத் தோணியில் வாய்க்காலின் தலையில் வலையோடு காத்திருந்தார். நீரோட்டம் அவரைத் தோணியோடு பிடுங்கியது. "பெரியப்பா!" என்று ரோசெந்தோ அலறியது கேட்டு உபல்தினா திரும்பினாள். தோணி பக்கவாட்டில் உருண்டு போய்க்கொண்டிருந்தது.

எதிர்நீச்சல் போட்டு அவரைப் பின்னுக்கு இழுக்க எந்த மோட்டாராலும் ஆகாது என்று அவளுக்குத் தெரிந்தது. கயிற்றை இழுத்து மோட்டாரைக் கிளப்பி, தானும் நீரோட்டத்தோடு வாய்க்காலுக்குள் பாய்ந்தாள். இரண்டு பக்கமும் மணல் மதில்கள் சரிந்து விழுந்தன. முகத்தில் பழுப்புத் தண்ணீர் அடித்தது. வாய்க்காலின் நடுவில் தோணியை முந்தினாள், கடலலை எழும் இடத்தில் படகின் முனையை நேராக வைத்து ஒரு அலையின் மேல் ஏறி இறங்கினாள். அப்புறம் அகலமான கடல். ஆற்றின் பழுப்பு, நீலத்துக்குள் விசிறி மாதிரி விரிந்துகொண்டிருந்தது. கவிழ்ந்த தோணியைப் பிடித்துக்கொண்டு கிழவர் அந்தப் பழுப்பில் மிதந்து வந்தார். சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டாள்.

அவர் இருமி முடித்ததும் முதலில் சொன்னது: "வலை போச்சே."

"சும்மா படுங்க பெரியப்பா. உங்களையும் சேத்துத் தூக்கிப் போட்டுடுவேன்."

கடற்கரையை ஒட்டியே படகைக் கொண்டுபோய் மணலில் ஏற்றினாள். இரண்டு ஊரும் ஓடி வந்தது. யார் உப்புக்கால் யார் சேற்றுக்கால் என்று தெரியாத அளவுக்கு எல்லோர் காலிலும் ஒரே ஈர மணல். அவளைத் தூக்க வந்தவர்களை, "கிழவரைத் தூக்குங்கய்யா, நான் நடப்பேன்," என்று விலக்கினாள். ரோசெந்தோ மட்டும் பக்கத்தில் வந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

தண்ணீர் இறங்கியது. தொத்துமால் தோட்டங்கள் தலைகாட்டின, வெயில் பட்டுத் தேறின. நிகானோருடையதைத் தவிர. உபல்தினா போனபோது அவன் அழுகிய கிழங்கின் நாற்றத்துக்கு நடுவே நின்று ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்துகொண்டிருந்தான். அவளைப் பார்த்தான், வா என்று சொல்லவில்லை. அவளும் பாவாடையைச் சொருகிக்கொண்டு அடுத்த வரிசையில் இறங்கிப் பிடுங்கினாள். அன்று முழுக்க இருவரும் பேசாமலே வேலை செய்தார்கள்.

மறுவாரம் அவள் படகு நிறைய வலைக்காரர்களோடு வந்தது. தொத்துமால் வாசலை அவர்கள் மிதித்தது அதுவே முதல் தடவை. கூடை கூடையாகப் புகைபோட்ட இறால், மற்றத் தோட்டங்களிலிருந்து வெட்டிய மரவள்ளிக் குச்சிகள். தோன் எவரிஸ்தோவே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிகானோர் முன்னால் போய் நின்றார்.

"உன் தங்கச்சி என்னைக் கடல்லேர்ந்து தூக்கினா. உன் தோட்டத்தைத் தூக்கிக் குடுக்க என்னால ஆகாது. நட்டாவது குடுக்கறோம்."

வலைக்காரர்கள் வரிசையாகக் குனிந்து குச்சிகளை நட ஆரம்பித்தார்கள். நிகானோர் வாயைத் திறக்கவே கூடாது என்றுதான் இருந்தான். ஒரு வரிசை முடிந்தபோது பொறுக்க முடியவில்லை.

"யோவ் பெரியவரே, கணு மேல பாக்கணும்! எல்லாத்தையும் தலைகீழா நட்டு வச்சிருக்கீங்களே!"

தோட்டம் முழுக்கச் சிரித்தது. நிகானோரும் தன்னை மறந்து சிரித்துவிட்டான். அப்புறம் தங்கையைப் பார்த்து, "நீயாவது சொல்லிக் குடுத்துக் கூட்டிட்டு வரக்கூடாதா?" என்று கேட்டான். இத்தனை நாளுக்குப்பின் அவன் பேசிய முதல் பேச்சு அது. "எனக்கு எங்கண்ணே தோட்ட வேலை தெரியும், படகுதானே தெரியும்," என்றாள் அவள்.

அதற்குப்பின் மணல் அடைக்கும் ஒவ்வொரு வருஷமும் இரண்டு ஊரும் சேர்ந்துதான் வாருகிறது, சேர்ந்துதான் வெட்டுகிறது. என்றைக்கு என்பதை உபல்தினா சொல்லுவாள். மேலே கிழங்கையும் கீழே இறாலையும் பார்த்துவிட்டு வருவாள், சில வருஷம் மேலூருக்கு வருத்தம், சில வருஷம் கீழூருக்கு. அவள் சொன்ன நாளை யாரும் மாற்றியதில்லை. கலியாணம் கட்டிய பெண்கள் இப்போது சதுப்பின் இரு பக்கமும் போய் வருகிறார்கள். படகில் சம்பந்திகள் கூட்டம் தாங்கவில்லை என்று அவளே சலித்துக்கொள்வாள்.

போன ஜூலையில் கார்மென் மாதா திருவிழா. வழக்கமாக மாதாவை லா பார்ராவின் பெரிய மீன்பிடிப் படகில் வைத்துக் காயலை ஒரு சுற்று சுற்றி இறக்கிவிடுவார்கள். இந்த முறை மாதா ஆறு முழுக்கப் போக வேண்டும் என்று இரண்டு ஊரும் ஒரே பிடியாக நின்றது. அப்படிப் போகக்கூடிய படகு ஒன்றுதான் இருந்தது. உபல்தினாவுக்கு இப்போது தலை முழுக்க வெள்ளை. அவள் சலவை வைத்த சட்டையோடு பின்னால் உட்கார்ந்து சுக்கானைப் பிடித்தாள், மூத்த மகள் முன்னால் கழியோடு நின்றாள். முரசுகாரர்களும் குழல்காரர்களும் பின்னால் வந்த படகுகளில். ஒவ்வொரு வளைவிலும் ஜனங்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி மாதாவைத் தொட்டார்கள். பிள்ளை வளைவில் கொஞ்சநேரம் மோட்டாரை அணைத்துவைத்தாள், ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

தொத்துமாலுக்கு மேலே படகு போகாது, தண்ணீர் கணுக்காலளவுதான். அங்கிருந்து மாதாவைத் தோளில் தூக்கிக்கொண்டு புல்மேடுவரை நடந்தார்கள். தொண்ணூறைத் தொட்ட எவரிஸ்தோவை நிகானோர் தன் கழுதைமேல் ஏற்றிக் கொண்டுவந்தான். வலைக்காரர்களில் பாதிப் பேர் ஆறு பிறக்கும் இடத்தை அதுவரை பார்த்ததே இல்லை. புல்லை விலக்கி, மூன்று கசிவுகளையும் சுற்றி நின்று பார்த்தார்கள்.

எவரிஸ்தோ கழுதையிலிருந்து இறங்கி, கையால் அள்ளிக் குடித்துவிட்டு, "துளி உப்புக்கூட இல்லையே மருமகளே," என்றார்.

"இங்க ஏது உப்பு பெரியப்பா. அது நம்ம ஊர்க்கிட்ட போய்த்தான் ஏறுது."

அவள் ஊற்றின் ஓரத்தில் மண்டியிட்டு முகம் கழுவிக்கொண்டாள். குழல்காரர்கள் ஆரம்பித்துவிட்டார்கள். தொத்துமால் பெண்கள் சூப்புச் சட்டிகளை இறக்க இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். அவள் எழுந்து, ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, அவர்களுக்கு இடம் காட்டப் போனாள்.